பறி கடித்த பல்

அண்ணா, கல்யாண பேனருக்கு என்று நீ போனில் அனுப்பிய படத்தில் அம்மாவின் முன்பல் இரண்டும் முழுசாக இருந்தன. அதை முதலில் பார்த்தது நான்தான். பொங்கலுக்கு வந்தபோது நீ எடுத்த படம் அது. புடவை அதேதான். பின்னால் நம் வீட்டு நீலத் தார்ப்பாய்க்குப் பதிலாக ஏதோ பூந்தோட்டம் இருந்தது. அது பரவாயில்லை, பல்லைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அம்மாவிடம் காட்டினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். “நல்லாத்தான் கீறாங்க. யாரு இந்தம்மா?” என்றாள். அதற்கு மூன்றாம் நாள் மீஞ்சூரிலிருந்து சம்பந்தியம்மா வந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அம்மா ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னாள். சொல்வது அவள், எழுதுவது நான். அவள் நம் வீட்டுப் பேச்சில்தான் சொல்கிறாள். அதற்கு எழுத்து கிடையாது என்பதால் எட்டாவது வரை படித்த தமிழில் எழுதுகிறேன். இனிமேல் ‘நான்’ என்று வருகிற இடமெல்லாம் அம்மா.

சீனு, நீ நன்றாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதச் சொல்லிவிட்டேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் பார்த்தாலும் சரி. நம்மைப் போலப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு யாராவது படித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

என் பல்லை அரித்தது பறி. பனையோலையில் பின்னிய அந்தச் சின்னக் கூடையை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். மீனவக் குப்பத்துக்காரர்களுக்கு ஏரியில் பாடு உண்டு. எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்தச் சீட்டில் நமக்குப் பெயர் கிடையாது, வலையும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவித்தான் நாம் இறால் பிடிக்கிறோம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தால் பறியை யார் பிடிப்பது? வாய்தான் பிடிக்க வேண்டும். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையில் அகப்பட்டதை அதற்குள் போட்டபடியே நகர வேண்டும். பத்து வயதில் கடிக்கத் தொடங்கினேன். கயிறு போகிற இடத்தில் பல்லில் ஒரு வாய்க்கால் விழுந்தது. நம் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் அந்த வாய்க்கால் இருக்கிறது. ஸ்டுடியோக்காரன் அதைத் தூர்த்துவிட்டான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணப் படத்தில் எல்லாரும்தான் வெளுக்கிறார்கள், என்னை மட்டும் சேற்றோடு நிறுத்த வேண்டுமா என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை காலை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

புதன்கிழமை நான் ஏரியிலிருந்து வந்து தலையைக்கூடத் துவட்டவில்லை. வாசலில் ஆட்டோ நின்றது. உன் மாமியாரும் அவள் தங்கையும் இறங்கினார்கள், கையில் ஆப்பிளும் வெற்றிலை பாக்கும். நான் “வாங்க” என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தம்மா கையைக் குவித்து வாயருகில் கொண்டுபோய் என்னிடம் காட்டினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். மீஞ்சூரில் இப்படித்தான் விசாரிப்பார்கள் போல என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் சின்னியைப் பார்த்து, “எப்பலேர்ந்து பாப்பா அம்மாக்குப் பேச்சு வராது? பொறந்ததுலேர்ந்தேவா? காதும் மந்தம்னு மாப்ள சொன்னாரு, பாவம்” என்றாள். உன் தங்கையை உனக்குத் தெரியும், புது ஆள் முன்னால் அவளுக்கு எச்சில்கூட இறங்காது. அவள் என்னைப் பார்த்தாள். என் மகன் பொய் சொல்லியிருக்கிறான் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் நான் வாயைத் திறந்திருந்தால் உன் கல்யாணம் அங்கேயே தரையில் விழுந்திருக்கும். நான் என் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். நீ பொய்யன் ஆகிவிடக் கூடாது என்று நான் ஊமை ஆனேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கப்போவதில்லை, தெரியும். “அவங்க ரெண்டு தலைமுறையா டவுன்ல கீறாங்கம்மா, நம்ம ஆளுங்கதான், ஆனா தமிழத் தவிர எதுவும் தெரியாது” என்று நீ மட்டும் போய் நிச்சயம் பேசி வந்த அன்றே சொன்னாய். எனக்கும் தமிழ் வரும். மீன் ஏலத்தில் பேச, ரேஷன் கடையில் சண்டை போடப் போதுமான தமிழ் வரும். ஆனால் இரண்டாவது வார்த்தைக்குள் நான் யார் என்று தெரிந்துவிடும். ஏனாதி என்பார்கள், இருளர் என்பார்கள், அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு என்னை மூன்று முறை இழுத்துக்கொண்டு போனாயே, அங்கே அந்த அதிகாரி “வூட்ல இன்னா பேசுவீங்க, பேசிக் காட்டு” என்றபோது நீதான் என் முதுகில் கை வைத்து, “பேசும்மா, பேசு” என்றாய். அன்றைக்கு என் பேச்சு உனக்குத் தேவைப்பட்டது. அதை வைத்துத்தான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாய். இன்றைக்கு அதையே உன் கல்யாண மண்டபத்துக்கு வெளியே செருப்போடு கழற்றி வைக்கச் சொல்கிறாய்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. சின்னி டீ போட உள்ளே போனாள். எனக்குக் காது கேட்காதே, அதனால் உன் மாமியார் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு தங்கையிடம் சாதாரணமாகப் பேசினாள். “மாட்ட லேது, மஞ்சிதே. பில்லலக்கி மன மாட்ட அண்டது” என்றாள். சின்னி, அதை அப்படியே எழுது, பிறகு தமிழிலும் எழுது. பேச்சு இல்லை, நல்லதுதான், பிள்ளைகளுக்கு நம் பேச்சு ஒட்டாது என்று சொன்னாள். நம் பேச்சில் சொன்னாள், சீனு. சுருதி பிசகாமல், ஏரியின் அந்தக் கரையில் என் சித்திமார் பேசுவது போல இழுத்துச் சொன்னாள். தங்கைக்காரி சிரித்தாள். “நீ இப்பப் பேசுனது இன்னாவாம்? இங்கிலீசா?” என்றாள். “சும்மா கெட, மாப்ள வூட்டுக்குத் தெரிய வாணாம்” என்று இவள் அவள் தொடையில் தட்டினாள். நீ எந்தப் பேச்சை மறைக்க என்னை ஊமையாக்கினாயோ, அதே பேச்சை உன்னிடமிருந்து மறைத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊமை சிரிக்கலாம், ஆனால் காது கேட்காதவள் அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது. அடக்கிக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் வந்ததுதான் இன்னும் அடங்கவில்லை. புதிதாக ஒரு மனுஷி நம் பேச்சைப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. தெருவில் இருக்கிற கிழங்களும் நானும் சின்னியும்தான் மிச்சம். எனக்கு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நீ யார் வீட்டுப் பெண், உன் ஆட்கள் எந்தப் பக்கம், தீவிலிருந்து வந்தவர்களா என்று கேட்க வேண்டும். என் நைனா ராக்கெட் விடும் அந்தத் தீவில் பிறந்தவர். இடம் வேண்டும் என்று காலி செய்யச் சொன்னபோது தலையில் மூட்டையோடு தண்ணீரைத் தாண்டி வந்த சிறுவன். அங்கே தேன் எடுத்த மரங்களுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டாம். இந்தக் கரையில் அந்த மரங்கள் இல்லை. பெயர்கள் வாயில் சும்மா கிடக்கக் கூடாது என்று அவற்றை வைத்து எங்களைத் திட்டுவார். அந்த மரங்களில் ஒன்றாவது இவள் வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்க ஆசைப்பட்டேன். கேட்கவில்லை. தட்டில் வெற்றிலையை வைத்துக் கொடுத்தேன். அந்தம்மா போகும்போது என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். நல்லவள்தான் போல.

இவ்வளவு கோபமாகச் சொல்லிக்கொண்டு போகிறவளுக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நீ இதைச் செய்ய எங்கே கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். நான்தான் கற்றுக்கொடுத்தேன். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது உன் டீச்சர் என்னை வரச் சொன்னார்கள். ஏரியிலிருந்து அப்படியே, ஈரச் சேலையும் காலிப் பறியுமாக வந்து நின்றேன். பள்ளிக்கூடத்துக்குள் கூப்பிடவில்லை, கேட்டருகில் நிற்கவைத்தே சொன்னார்கள். “இவன் வாயத் தொறந்தா பசங்க சிரிக்கிறாங்க. எனக்கே புரியல. வூட்ல தமிழ்ல பேசுங்க, இல்லன்னா கூட்டிக்கினு போயிடுங்க.” நான் தலையை ஆட்டினேன். தெருமுனை திரும்பியதும் நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு, இறால் கிடைத்ததா என்று நம் பேச்சில் கேட்டாய். ரொய்யலு என்ற வார்த்தை உன் வாயில் அவ்வளவு அழகாக வரும். அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்ததோ, பறியின் கயிற்றை எடுத்து உன் பல்லுக்கு நடுவில் வைத்தேன். “கடிச்சிக்கோ. வூடு போற வரைக்கும் வுடாத. வுட்டே, தோல உரிச்சிடுவேன்” என்றேன்.

நீ கடித்துக்கொண்டு நடந்தாய். எச்சிலும் சேற்றுத் தண்ணீரும் சட்டையில் வழிந்தன. அழக்கூட முடியவில்லை உன்னால், அழ வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். எதிரில் வந்த பெண்கள், “இன்னாடி, இப்பவே புள்ளைய ஏரில எறக்கப் போறியா?” என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நாள் இல்லை, ஏழு நாள் அப்படிக் கூட்டி வந்தேன். மத்தியானம் பள்ளி விடுகிற நேரத்துக்குப் பறியோடு கேட்டில் நிற்பேன், நான் சொல்லட்டும் என்று காத்திராமல் நீயாகவே வாயைத் திறந்து காட்டுவாய். எட்டாம் நாள் கேட்டைத் தாண்டி வந்து, “அம்மா, பசிக்குது” என்று தமிழில் சொன்னாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விற்க வைத்திருந்ததில் பெரிய இறாலாக எடுத்து வறுத்துக் கொடுத்தேன். என் மகன் தமிழ் பேசுகிறான் என்று வீடு வீடாகச் சொன்னேன். அன்றிலிருந்து நீ நம் பேச்சைப் பேசவே இல்லை. நான் அதில் கேட்பேன், நீ தமிழில் பதில் சொல்வாய். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அப்போதிலிருந்தே ஒரு கவுண்டர் இருக்கிறது, ரேஷன் கடையில் இருக்குமே, அது போல.

என் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று செய்தேன். பிழைத்துவிட்டாய், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போகிறாய். ஆகவே நான் செய்தது சரி என்று நீ சொல்லலாம். இத்தனை வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் உன் தங்கையைப் பார்க்கும்போது அந்தச் சமாதானம் நிற்பதில்லை. அவள் வாயில் நான் பறியை வைக்கவில்லை. அதனால்தான் நான் பேசுவதை இன்றைக்கு ஒருத்தி எழுத முடிகிறது. ஆனால் உன் நைனா செத்த வருஷம் நீ பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. ஏரியில் இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது. யாருடைய கை என்று யோசிக்க எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. உன்னிடமிருந்து பேச்சைப் பிடுங்கினேன், இவளிடமிருந்து படிப்பைப் பிடுங்கினேன்.

(இதை எழுத வேண்டாம் என்றேன், அண்ணா. எழுது என்றாள்.)

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒரு தாய் சொல்ல வேண்டியவை இருக்கின்றன, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டியிடம் முதல் வருஷம் சொல்கிற பொய்தான் கடைசி வரைக்கும் சோறு கேட்கும். உன் நைனா குடிப்பதில்லை என்று சொல்லித்தான் என்னைக் கட்டினார். அந்த ஒரு பொய்க்குத் தீனி போட்டே அவர் காலம் முடிந்தது. அந்தப் பெண் தூக்கத்தில் எந்தப் பேச்சில் உளறுகிறாள் என்று கவனி. அது நம் பேச்சாக இருந்தால் அவளை எழுப்பாதே. என் மேல் கோபம் வந்தால் திட்டு, ஆனால் நம் பேச்சில் திட்டு. தமிழில் நீ திட்டும்போது ஏதோ ஆபீசர் திட்டுவது போல இருக்கிறது, எனக்கு அழுகைகூட வருவதில்லை. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஒரு வார்த்தையைத் தப்பான இடத்தில் சொல்லிவிட்டால், ஊர் சிரிக்கட்டும். சிரிப்பதற்கு ஊருக்கு நேரம் நிறைய இருக்கிறது. நீ அதன் வாயருகில் எதையும் கொண்டுபோகாதே.

இப்போது முடிவைச் சொல்கிறேன். முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள் இருக்கிறது. நான் ஊமையாக மணையருகில் வந்து நிற்க மாட்டேன். ஒரு காலை நேரம் தாங்கிக்கொண்டேன். பேரப் பிள்ளைகள் பிறந்து வளரும் வரை என்னால் தாங்க முடியாது. வந்தால் பேசுவேன். உன் பெண்டாட்டி காலில் விழும்போது எனக்குத் தெரிந்த வார்த்தைகளில்தான் வாழ்த்துவேன். பொய் சொன்னது நீ, அதை எடுப்பதும் நீதான். நானாகப் போய் அவர்களிடம் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். உண்மை தெரிந்தால் பெண்ணைக் கொடுக்க மாட்டார்களோ என்று நீ பயப்படலாம், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அதனால்தான் புதன்கிழமை கையை விரித்தேன். உன்னால் சொல்ல முடியாது என்றால், என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் வரமாட்டேன். அதை மட்டும் தங்கையிடம் சொல்லி அனுப்பாதே. என் காதில், உன் வாயால்

அண்ணா, இந்த இடத்தில் போன் அடித்தது. இனிமேல் எழுதுவது நானாகவே. மீஞ்சூர் நம்பர். நான் யாருடைய போனையும் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் அம்மா எடு என்று தலையசைத்தாள். பேச்சு வெளியில் கேட்கும்படி வைத்தேன். சம்பந்தியம்மாதான். பின்னால் கடைச் சத்தம்.

“பாப்பா, பொடவ கடையில கீறோம்மா. அம்மாக்கு எடுத்துக்கினு கீறோம். பச்சை ஒண்ணு கீது, அரக்கு ஒண்ணு கீது. எது புடிக்கும்னு அம்மாவக் கையால கேட்டுச் சொல்லு கண்ணு. வெய்ட் பண்றேன்.”

அம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. தன் ரவிக்கையின் பச்சை ஓரத்தை விரலால் தொட்டு என்னிடம் காட்டினாள்.

“பாப்பா, கீறியா? இன்னா சொல்றாங்க?”

இருங்கள் அத்தை, அம்மாவே சொல்வாள் என்று நான் நம் பேச்சில் சொன்னேன். போனை அம்மாவின் கையில் வைத்தேன்.